உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி கிடையாது

வட்டவடையில் சாவு வீட்டில் அழுவதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை. கோவிலூர்த் தெருவில் வீடுகள் ஒன்றோடு ஒன்று முதுகு ஒட்டி நிற்கும். ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்தால் ஊர் முழுக்கக் கேட்கும். ஓடையில் கேரட் கழுவிக்கொண்டிருக்கும் பெண்கள் அப்படியே சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டு, செத்தவர் நட்ட பூண்டிலிருந்து கடைசியாகக் கேட்ட கட்டங்காப்பி வரை சொல்லிச் சொல்லி அழுவார்கள். என் அம்மாச்சி இதில் பேர்போனவள். பழத்தோட்டம், கொட்டாக்கம்பூர் வரைக்கும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். "அழுதுட்டா எறங்கிரும் தாயி, இல்லாட்டி நெஞ்சுலயே கட்டிக்கிரும்" என்பாள்.

அதே அம்மாச்சிதான், கல்லூரி விடுமுறையில் வந்த நான் காரணம் சொல்லத் தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதபோது, "வாய மூடு, வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன அழுக" என்றாள்.

அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த அழுகைக்கெல்லாம் ஒரு பாடை இருந்தது. பாடை இல்லாத அழுகையை என்ன செய்வதென்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது, பேச்சு தமிழ். மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை, எல்லப்பட்டி, டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும்சோலை வழியாக வர வேண்டும். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் சோலைக்குள் யானை நின்றால் பஸ்ஸும் நின்றுவிடும். கேரட், உருளை, முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு. இந்தப் பூண்டுக்குத்தான் 2022-இல் காந்தளூர் பூண்டோடு சேர்த்துப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தில் படித்தேன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு 2017-இல் எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் சேர்ந்தேன். பாடப்புத்தகம் ஆங்கிலம், விளக்கம் மலையாளம், எனக்குப் புரிந்தது கரும்பலகையில் இருந்த எண்கள் மட்டும்.

எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்குச் சொல்லத் தெரிகிறது. அன்றைக்கு உடம்பில் அங்கங்கே ஏதோ கெட்டுப்போனதாகத்தான் நினைத்தேன். விடியற்காலை முழிப்புத் தட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். மெஸ்ஸில் சோற்றுத் தட்டைக் கையில் வாங்கியதும் வாசனை குமட்டும். பரீட்சை ஹாலில் விரல் மரத்துப்போய்ப் பேனா நழுவும். தலைமுடி கொத்தாகக் கொட்டியது. ஹாஸ்டல் தண்ணீரில் குளோரின் அதிகம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். சனி ஞாயிறு முழுக்கத் தூங்குவேன். எழுந்தால் தூங்கியதற்காக வெட்கமாக இருக்கும்.

கல்லூரியில் ஆலோசனை அறை இருந்தது. நல்ல அறை. ஜன்னலோரம் மணிபிளான்ட், சுவரில் சூரியன் உதிக்கும் படம். ஒரு டீச்சர் என்னை அங்கே அனுப்பினார். அங்கே இருந்த சேச்சி உண்மையிலேயே கனிவானவர். நாற்காலியை எதிரே போடாமல் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்து பற்றி மோளே?" என்றார்.

எனக்குக் கடை மலையாளம் தெரியும். பஸ் கண்டக்டரிடம் சண்டை போடத் தெரியும். காய்கறி விலை பேசத் தெரியும். நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்லும் மலையாளம் தெரியாது. "தலவேதன சேச்சி" என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "ஒந்நுமில்ல" என்றேன். பாராசிட்டமால் சாப்பிட்டாயா என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். கேரளத்தின் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இப்போது 'ஜீவனி' என்ற பெயரில் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பீர்மேட்டிலிருந்தும் மறையூரிலிருந்தும் அட்டப்பாடியிலிருந்தும் கீழே இறங்கி வருகிற பிள்ளைகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்தப் பாஷையில் அழுவார்கள் என்று யாராவது யோசித்திருக்கிறார்களா என்பது எனக்கு நெடுநாள் கேள்வி.

நான் இரண்டாம் வருடம் ஏறியதும் 2018 ஜூலை 2 வந்தது.

அபிமன்யுவை எனக்குத் தெரியாது. ஊர்ப்பெயர் ஒன்றுதான் எங்களுக்குள் பொது. மகாராஜாஸ் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வேதியியல், இருபது வயது. ஊருக்கு வந்துவிட்டு, காய்கறி ஏற்றிய லாரியில் எர்ணாகுளம் திரும்பியிருந்தார். அன்று நள்ளிரவு தாண்டி, கல்லூரிச் சுவரில் யார் எழுதுவது என்ற தகராறில் குத்திக் கொன்றார்கள். காய்கறி லாரியில் ஏறிப் போவது எங்கள் ஊரில் புதிதல்ல. கடைசி பஸ் போய்விட்டால், அல்லது பஸ் காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால், டிரைவர் அண்ணனிடம் சொல்லி முன்னால் உட்கார்ந்துகொள்வோம். செய்தித்தாளில் அந்த லாரியைப் பற்றிப் படித்ததும்தான் எனக்கு உடம்பு நடுங்கியது.

அபிமன்யுவின் அம்மா "நான் பெற்ற மகனே" என்று கதறியதை எல்லாச் சேனலும் திரும்பத் திரும்பப் போட்டன. மலையாள மாநிலம் முழுக்க ஒரு வட்டவடைத் தாயின் தமிழ் கேட்டது. மறு வருடம் அதே பேரில் ஒரு சினிமாகூட வந்தது. அதுவரை ஹாஸ்டலில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்து, 'பாண்டிக்காரி' என்று கூப்பிட்டவர்கள் அன்று டிவி முன்னால் சிரிக்கவில்லை. "வட்டவடையோ? அது எவிடெயா?" என்று கேட்பது அந்த வாரத்தோடு நின்றுபோனது.

இரங்கல் கூட்டத்தில் நான் அழுதேன். பேர் தெரியாத பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு டீச்சர் தண்ணீர் வாங்கி வந்து குடிக்க வைத்தார். முதல் வருடம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததும் அதோடு சேர்ந்து வெளியே வந்தது; யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. அன்று ராத்திரி விடியும் வரை முழிப்பில்லாமல் தூங்கினேன். ஊராரின் துக்கத்துக்குள் என் துக்கத்தையும் ஒளித்து அழுதுவிட்டேன் என்பது பின்னால் யோசித்தபோது புரிந்தது. நினைத்தால் இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒப்பாரிக்குப் போகிற பெண்கள் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள் என்று அம்மாச்சியே ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்டில் வெள்ளம். மூணாறு சாலை அங்கங்கே இடிந்து, மலை தனியாகக் கிடந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற குறிஞ்சி அந்த வருடம் பூத்தது, பார்க்க வர ஆள் இல்லை. கல்லூரி திறந்ததும் மறுபடி விடியற்காலை முழிப்பு ஆரம்பித்தது. இந்தத் தடவை அழுவதற்குக் கூட்டம் ஏதும் நடக்கவில்லை. மெஸ்ஸில் மயங்கி விழுந்தேன். வார்டன் ஊருக்குப் போன் போட்டார். அம்மாவும் அத்தையும் ராத்திரி பஸ் பிடித்து வந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் என்னைச் சோட்டானிக்கரை பகவதி கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். எர்ணாகுளத்துக்குப் பக்கத்தில்தான். பேய் பிடித்தவர்கள், பிராந்து பிடித்தவர்கள் என்று கேரளம் முழுவதிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும் பகவதியிடம் கொண்டுவருவார்கள். கீழ்க்காவில் பாலை மரம் நிறைய ஆணி அடித்திருக்கும்.

ராத்திரி குருதி பூஜை. மேளம் ஏற ஏற, என் வயசுப் பெண் ஒருத்தி தலைமுடியை அவிழ்த்துப்போட்டுச் சுழன்றாள். சுற்றியிருந்தவர்கள் வழிவிட்டார்கள். அவள் அண்ணனாக இருக்க வேண்டும், ஒருவர் பின்னாலேயே நின்று விழாமல் பிடித்துக்கொண்டார். அவள் கத்தினாள். என்னென்னவோ சொல்லிக் கத்தினாள். யாரும் "வாய மூடு" என்று சொல்லவில்லை. கத்தி முடித்ததும் அவள் அம்மா அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, முடியை வாரிக் கட்டி, இளநீர் கொடுத்தார்.

எனக்குப் பயமாக இல்லை. பொறாமையாக இருந்தது. இதைச் சொன்னால் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள், மூடநம்பிக்கை என்பார்கள். இருக்கட்டும். கத்துவதற்கு ஒரு நேரம், கத்தும்போது கீழே விழாமல் பிடிக்க ஒரு ஆள், கத்தி முடித்தால் இளநீர். அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு மாத்திரையும் தேவைப்பட்டிருக்கலாம், அதை யாராவது கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்றும் எங்கள் கல்லூரியில் இருக்கவில்லை. அம்மா எனக்குச் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு, "இனி சரியாயிரும்" என்று சொல்லி மறுநாள் பஸ் ஏறினாள். பீன்ஸ் பறிப்பு நின்றுபோயிருந்தது.

எனக்கு வழி திறந்தது ஒரு பூண்டு மூட்டையால். மலைப்பூண்டுக்குக் கீழே நல்ல கிராக்கி. அப்பா மாதம் ஒருமுறை காய்கறி லாரியில் ஒரு மூட்டை கொடுத்துவிடுவார். நான் அதைச் சுத்தம் செய்து, அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கட்டி, கூடப் படிக்கும் பெண்களின் வீட்டுக்கு விற்பேன். மெஸ் பில்லுக்கு அது ஆகும். காய்ந்த தாளை முறித்து, அடியில் இருக்கும் வேரைக் கத்தியால் வழித்து, மேல்தோலைக் கையால் தேய்த்து உதறினால் உள்ளே ஊதா ஓடிய பல் தெரியும். அறையில் செய்தால் வாடை என்று சண்டை வரும். அதனால் ராத்திரி மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி நிழலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் பீர்மேட்டு அக்கா வந்து எதிரே உட்கார்ந்தார். எம்.ஏ. பொருளாதாரம். தேயிலை எஸ்டேட் லயத்துப் பிள்ளை. அதுவரை எனக்கும் அவருக்கும் "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் பேச்சில்லை. கேட்காமலே ஒரு கத்தியை எடுத்து வேர் வழிக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தலையைத் தூக்காமல், "எத்தன மணிக்கு முழிப்புத் தட்டுது?" என்றார்.

"மூணு மணிக்குக்கா."

"எனக்கு நாலு. மாத்திர ஆரம்பிச்சப்புறம் இப்ப அஞ்சரை."

மாத்திரை என்றதை அவர் சொன்ன விதத்தை மறக்க முடியாது. குரல் தாழவில்லை. தைராய்டுக்குச் சாப்பிடுகிறேன் என்பதைப் போல. "என்ன மாத்திரைக்கா?" என்றேன். பேரைச் சொன்னார். எங்கே வாங்குவது, எந்தக் கிழமை ஓ.பி., எந்தக் கவுன்டர், முதல் வாரம் வாய் உலரும், தலை சுற்றும், பயந்து நிறுத்திவிடாதே, வேலை செய்ய மூணு வாரமாவது ஆகும், டாக்டர் சொல்லாமல் நீயாக நிறுத்தக் கூடாது. எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். என்னிடம் என்ன பிரச்சினை என்று அன்றைக்குக் கேட்கவே இல்லை. நான்தான் சொன்னேன், பூண்டைப் பார்த்துக்கொண்டே. முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் வாய் திறந்திருக்காது. மூட்டை தீர்ந்தபோது நடுராத்திரி தாண்டியிருந்தது; இருவர் கையும் நாற்றமடித்தது.

அவரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஓ.பி. சீட்டில் 'சைக்யாட்ரி' என்று முத்திரை குத்தித் தந்தார்கள். அதை நாலாக மடித்துச் சுடிதார் பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெரியவர் தன் சீட்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் சீட்டிலும் அதே முத்திரை. டாக்டருக்கு உடைந்த தமிழ் தெரிந்தது. "உறக்கம் எப்படி, பசி எப்படி" என்று தொடங்கி, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா" என்று அதே தொனியில் கேட்டார். அப்படி நேராகக் கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோம் என்று ஊரில் பயப்படுவார்கள். எனக்கு நேர்ந்தது வேறு. முதன்முதலாக ஒருவர் கேட்டுவிட்டார் என்று தோள் இறங்கியது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற சாதாரண மனநோய் உள்ளவர்களில் 100-க்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை என்று தெரியவந்தது. பின்னால் அதைப் படித்தபோது எண் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரைக் கணக்கெடுத்திருந்தால் 85-ஐயும் தாண்டியிருக்கும்.

அப்பாவிடம் சொன்னது அந்த வருடத் தீபாவளிக்கு வந்தபோது. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "ஏர்வாடிக்கா போகப்போற?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். அவர் தலைமுறைக்கு மனநோய் என்றால் தமிழ்நாட்டுப் பக்கம் ஏர்வாடி, மலையாளப் பக்கம் ஊளம்பாறை. இரண்டுக்கும் நடுவில் ஓ.பி. சீட்டு, மாத்திரை, கல்லூரிக்குத் திரும்பிப் போவது என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் ஆட்களை ஏர்வாடியில் விட்டிருக்கிறார்கள். அப்பா அந்தச் சங்கிலியைக் கண்ணால் பார்த்தவர். அவரை எப்படிக் குறை சொல்வது? நான் மாத்திரை அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன வெல?" என்றார். "சும்மா தர்றாங்கப்பா, கவர்மென்டு." கொஞ்சம் நிம்மதியடைந்த மாதிரி இருந்தது.

தன்னைப் பேணுதல் பற்றிக் கல்லூரியில் ஒரு கருத்தரங்கம் நடந்தது. வந்தவர் நன்றாகப் பேசினார். தினமும் உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள், பிடித்ததைச் செய்யுங்கள், வேண்டாததற்கு இல்லை என்று சொல்லுங்கள். பக்கத்திலிருந்த பெண் வாசனை மெழுகுவர்த்தி வாங்கலாமா என்று குசுகுசுத்தாள். எனக்கு ஓடிய நினைப்பே வேறு. அம்மா பீன்ஸ் கூடையோடு நாளெல்லாம் குனிந்து நிற்கிறாள். படிக்கட்டு போல இறங்கும் வயலில் கேரட் சாக்கைத் தலையில் வைத்து ரோடு வரை ஏறுகிறாள். அவளிடம் போய் "எனக்கு அசதியா இருக்கும்மா" என்று எந்த வாயால் சொல்வேன்? கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய பூட்டு. வலிப்பதற்கே உரிமை இல்லை என்று தோன்றிவிடும். கருத்தரங்கத்துக்கு வருகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. பீர்மேட்டு அக்காதான் ஒருநாள், "ஒங்கம்மா முதுகு வலிச்சா ஒங்கப்பா தைலம் தேய்க்க மாட்டாரா? அத யாரும் சொகுசுன்னு சொல்றாங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடவில்லை. ஒன்பதரைக்கு மேல் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். சாயந்திரம் மரைன் டிரைவ் வரை நடப்பேன். என் சுயபராமரிப்பு அவ்வளவுதான். மெழுகுவர்த்தி கரன்ட் போனால் ஏற்றினோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாரும் ஊர் திரும்பினோம். கடைசி செமஸ்டர் கோவிலூரில், சிக்னல் தேடி மேட்டில் ஏறி. பேச்சே இல்லாமல் இருப்பதில் எங்கள் ஊர் கைதேர்ந்தது என்று அப்போது இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஊரில் சக்கிலியச் சமூகத்தாருக்கு முடி வெட்டக் கடைகள் மறுத்துவந்தது தலைமுறை தலைமுறையாக எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. அந்த செப்டம்பரில் பஞ்சாயத்தே ஒரு பொது முடிதிருத்தகம் திறந்த பிறகுதான் வெளியூர்ச் செய்தித்தாள்களில் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒரு பையன் முடி வெட்ட மூணாறு வரை போய்வருவான். அவன் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அதற்கு முந்தின மாதம், ஆகஸ்ட் 6 ராத்திரி, பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர்களின் நாலு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். போன் லைன் இல்லாததால் விடிந்துதான் வெளியே தெரிந்தது. ராஜமலையில் என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அவள் தப்பிவிட்டாள், சொந்தக்காரர்கள் போனார்கள். அதற்குப் பிறகு மழை தகரத்தில் விழுந்தால் மலை முழுக்க யாரும் தூங்கவில்லை. டீக்கடையில் ஆம்பளைகள்கூட "ராத்திரி கண்ணு மூட முடியல", "நெஞ்சு படபடங்குது" என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு வந்த அதே அறிகுறிகள். அவர்களை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. சாவு கண்முன்னால் இருந்ததால் வாய் திறக்க அனுமதி கிடைத்துவிட்டது. என் சிநேகிதியிடம் நான் "எத்தன மணிக்கு முழிப்பு வருது?" என்று கேட்டேன். அவள் போனிலேயே அழத் தொடங்கினாள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டரிடம் போக அவளுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனால் போனாள்.

இப்போது நான் கோவிலூரில் ஒரு அக்ஷயா மையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆதார் திருத்தம், நிலவரி, வருமானச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை எல்லாம் எங்களிடம்தான். கணிதம் படித்து இதுதானா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். சர்வர் நின்றுவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கல்லூரிப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். திரை என் பக்கம், அதன் முகம் ஜன்னல் பக்கம். மொட்டை மாடியில் கிடைத்தது எனக்கு இங்கே வேறு விதமாகக் கிடைத்தது. "பரீட்ச எப்படி?" என்று நான் கேட்பதில்லை. "மெஸ்ல சாப்புடுறியா? எத்தன மணிக்குத் தூங்குற?" என்று கேட்பேன். பாதிப்பேர் "நல்லாத் தூங்குறேன்க்கா" என்பார்கள். மீதிப்பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறும் அதற்கு மேலும் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிலையமும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. 2018 மே மாதமே நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகத்தான் கருத வேண்டும், அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்கிறது. சட்டம் மூணாறு தாண்டி எங்களூர் வர இன்னும் நாளாகும். "போலீஸ் கேஸாயிரும், வெளிய சொல்லாத" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். கூடவே இரண்டு உதவி எண்கள்: கேரளத்தின் திசா 1056, மத்திய அரசின் டெலி மானஸ் 14416. இரண்டாவது 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். தமிழ் என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் அம்மாவோடு வந்திருந்தான். கீழே எங்கோ பாலிடெக்னிக் படிக்கிறான். பாதியில் நின்றுவிட்டு மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றான். சர்வர் இல்லை. தூக்கத்தைக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை நான் விரலால் காட்டினேன், அவ்வளவுதான். ஜீப் ஸ்டாண்டு பக்கம் சிக்னல் நன்றாக வரும் என்று சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு போனான்.

அம்மா ரொம்ப நேரம் வாசலையே பார்த்தார். தலையில் துண்டு, சேலை ஓரத்தில் சேறு. "யார்ட்டத்தா இம்புட்டு நேரம் பேசுறான்? பொம்பளப் புள்ளையா?"

"இல்லக்கா. கவர்மென்டு நம்பரு."

"அப்ப ஸ்காலர்சிப்பு வந்துருமா?"

"அது வேறக்கா. அவன் வந்ததும் அவங்கிட்டயே கேளுங்க."

"கேட்டா சொல்வானா? ரெண்டு மாசமா மூஞ்சியக்கூடக் காட்டல. சோத்தப் போட்டா தட்டோட வெச்சிட்டுப் போறான். நானும் கேட்டுக் கேட்டுச் சண்டதான் வருது."

"நேரா நிக்க வெச்சுக் கேக்காதீங்க" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். "நாளைக்குக் கீழ வயல்ல கேரட்டுப் புடுங்கணும். ஆளு பத்தல, நீயும் வாடான்னு கூட்டிட்டுப் போறேன். அவன் ஒரு வரப்பு, நான் ஒரு வரப்பு. குனிஞ்சுக்கிட்டே கேக்குறேன்."